தஞ்சாவூரில் பழைய வீட்டு ரிப்பேர்: மூன்று பேர் வந்து பார்த்தாயிற்று, யாரை நம்புவது?

மாதமொருமுறை_தஞ்சை:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு தஞ்சாவூரில், மருத்துவக் கல்லூரி சாலையிலிருந்து உள்ளே தள்ளி. அப்பா 1986இல் கட்டியது, தரைத்தளம் மட்டும், 950 சதுர அடி இருக்கும். அப்பா இப்போது இல்லை. அம்மா தனியாக இருக்கிறார், 71 வயது. நான் பெங்களூரில் இருக்கிறேன், மாதம் ஒரு தடவை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவேன், அந்த இரண்டு நாளில்தான் பேங்க், டாக்டர், கேஸ் சிலிண்டர் எல்லாம்.

போன கார்த்திகை மழையில் ஹாலில் ஃபேனுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. நல்ல வேளை, அம்மா அப்போது அடுப்படியில் இருந்தார். அண்ணாந்து பார்த்தால் கம்பி துருப்பிடித்துச் சிவப்பாகத் தெரிகிறது. மொட்டை மாடியில் பதித்த தட்டோடு (தட்டையான ஓடு) அங்கங்கே உப்பிக்கொண்டு, மேலே நடந்தால் டொக் டொக் என்கிறது. இது போக, பாத்ரூம் கொல்லைப்புறத்தில் இருப்பதால் ராத்திரியில் அம்மா எழுந்து போவது எனக்குப் பயமாக இருக்கிறது, அவர் அறையை ஒட்டி ஒன்று கட்ட வேண்டும். வயரிங் மாற்ற வேண்டும். அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிட்டால் வெளிச்சம் வரும் என்பது என் மனைவியின் ஆசை.

மூன்று பேரை வரவழைத்தேன். முதல் ஆள் மாமா கூட்டிவந்த காண்ட்ராக்டர். காரில் வந்தார், ஹாலில் நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்தார், மாடிக்கு ஏறவில்லை. பத்து நிமிடத்தில் மொத்தமாக 5 லட்சத்து 80 ஆயிரம், 45 நாள் என்றார். கம்பி தெரிவதைப் பற்றிக் கேட்டேன், "அதை ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைச்சிடலாம் சார், லுக்கும் வந்துடும்" என்றார். அட்வான்ஸ் 3 லட்சம் கொடுத்தால் புதன்கிழமையே ஆள் இறங்குமாம்.

இரண்டாவது, ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு இன்ஜினியர். ஒரு மணி நேரம் பார்த்தார், படம் எடுத்தார், நான்கு நாள் கழித்து நான்கு பக்கக் கொட்டேஷன் அனுப்பினார். 9 லட்சத்து 40 ஆயிரம், ஜிஎஸ்டி தனி. பக்கம் நான்கு இருந்தாலும் பாதி இடத்தில் "மொத்தமாக" என்றுதான் போட்டிருக்கிறது.

மூன்றாவது, இந்த வீட்டைக் கட்டிய மேஸ்திரியின் மகன். அவரும் மேஸ்திரிதான். எவ்வளவு ஆகும் என்று கேட்டால் "இடிச்சுப் பார்த்தாத்தான் தம்பி தெரியும்" என்கிறார். சாமான் நாம் வாங்கித் தர வேண்டும், ஆட்களுக்குத் தினக்கூலி. அம்மாவுக்கு இவர்தான் பிடித்திருக்கிறது, "உங்க அப்பா காலத்து மனுஷங்க" என்கிறார். எனக்கோ கணக்கில்லாமல் போய்விடுமோ என்று பயம்.

மூன்றுக்கும் நடுவில் இவ்வளவு வித்தியாசம் எப்படி வருகிறது? தூரத்தில் இருந்துகொண்டு யாரை நம்பி ஒப்படைப்பது?

மரச்சுத்தி:

தம்பி, பொதுப்பணித்துறையில் கட்டட வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். யாரை நம்புவது என்று கேட்பதற்கு முன்னால், வீட்டுக்கு என்ன நோய் என்று அந்த மூன்று பேரில் ஒருவராவது சொன்னாரா என்று யோசித்துப் பாருங்கள்.

இரும்பு துருப்பிடித்தால் அது பிடிக்கும் இடம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். இடம் போதாமல் அடியில் இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளும், அதுதான் தட்டுத் தட்டாகப் பெயர்ந்து விழுகிறது. கம்பிக்குக் கீழே முக்கால் அங்குலமாவது, அதாவது 20 மில்லிமீட்டர், கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் சிறிய வீடுகளில் கவர் பிளாக் (கம்பிக்கு அடியில் வைக்கும் சின்ன சிமென்ட் கட்டை) வைப்பது குறைவு, ஒரு ஜல்லிக்கல்லைச் செருகிக் கம்பியைத் தூக்கிவிட்டுக் கான்கிரீட் கொட்டுவார்கள், ஆள் மேலே நடந்தால் கம்பி மறுபடி பலகையில் உட்கார்ந்துவிடும். அதோடு மாடியில் தட்டோடு உப்பி, சந்துகளில் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஆகவே முதலில் மேலே தண்ணீரை நிறுத்த வேண்டும், பிறகுதான் கீழே கை வைக்க வேண்டும். வரிசையை மாற்றினால் கீழே என்ன பூசினாலும் இரண்டு மழைக்குத் தாங்காது.

கீழே செய்ய வேண்டியது இதுதான். சின்னச் சுத்தியலால் வீடு முழுக்க சீலிங்கைத் தட்டிப் பார்த்து, பொள்ளலாகச் சத்தம் வரும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். விழுந்த இடம் ஒன்றாக இருந்தாலும் விழக் காத்திருப்பது பத்து இருக்கலாம். அந்த இடங்களில் நல்ல கான்கிரீட் வரும் வரை கொத்தி, கம்பியைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, அதற்கு மேல் பாலிமர் கலந்த கலவையோ மைக்ரோ கான்கிரீட்டோ வைக்க வேண்டும். கம்பி ரொம்ப இளைத்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும், அதை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்த்துச் சொல்லட்டும். வெறும் சிமென்ட் பூச்சு கூடவே கூடாது.

இப்போது உங்கள் முதல் ஆளைப் பாருங்கள். மாடிக்கே ஏறாமல் தொகை சொன்னார். ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடினால் அடுத்த பெயர்ப்பு உங்கள் அம்மா கண்ணில் படாமல் ஜிப்சம் பலகை மேல் விழும், பிறகு ஒரு நாள் பலகையோடு சேர்ந்து விழும். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, ஆனால் இந்த வீட்டை அவர் பார்க்கவே இல்லை.

ஒரு சோதனை சொல்கிறேன். மூன்று பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு அந்த அடுப்படிச் சுவரைக் காட்டி "இதை எடுத்துவிடலாமா?" என்று மட்டும் கேளுங்கள், வேறு எதுவும் சொல்லாதீர்கள். 1986இல் கட்டிய தரைத்தள வீடு என்றால் பெரும்பாலும் தூண் இருக்காது, 9 அங்குலச் சுவர்கள்தான் தளத்தைத் தாங்கும். அதை எடுப்பது வெளிச்ச விஷயமில்லை, தளத்துக்குக் கீழிருந்து காலை எடுப்பது. நாலரை அங்குலச் சுவராக இருந்தால் வேறு கதை, அப்போதும் மேலே போய்ப் பார்க்காமல் சொல்ல முடியாது. யார் உடனே தலையாட்டுகிறார், யார் டேப்பை எடுக்கிறார் என்று கவனியுங்கள்.

"இடித்துப் பார்த்தால்தான் தெரியும்" என்று மேஸ்திரி சொன்னது பாதி நியாயம். பழைய வீட்டில் அளவு தெரியாது, ஆனால் ரேட் தெரியும். தட்டோடு பெயர்த்துப் புதிதாகப் பதிக்கச் சதுர அடிக்கு இவ்வளவு, சீலிங் ரிப்பேர் சதுர அடிக்கு இவ்வளவு, வயரிங்குக்கு பாயிண்டுக்கு இவ்வளவு என்று வேலைவாரியாக ரேட் எழுதி வாங்கலாம். முடிந்த பிறகு டேப் பிடித்து அளந்து காசு. புது வீட்டுக்குச் சொல்வது போல மொத்தமாக ஒரு தொகையும் வேண்டாம், முடிவே இல்லாத தினக்கூலியும் வேண்டாம்.

இன்னொன்று, தட்டோட்டை எடுக்கும்போது அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்ட தளம் மூன்று அங்குலத்துக்கு இருக்கும். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள், ஒரு பாட்டு வேறு நடக்கும். அதை விடுங்கள். அந்தச் சுண்ணாம்புத் தளம் கெட்டியாக இருந்தால் அதையும் சேர்த்து உடைக்க வேண்டியதில்லை. உடைத்தே ஆக வேண்டும் என்றால் பிரேக்கர் மிஷின் வேண்டாம், கை உளிதான். உடைத்த குப்பையை மாடி நடுவில் குவிக்க விடாதீர்கள், துருப்பிடித்த தளம் அந்தப் பாரத்தைத் தாங்காது.

வடவள்ளிக்காரி:

நான் அடிபட்டவள், அதனால் சொல்கிறேன். கோவையில் எங்கள் வீட்டுக்கு மேல் ஒரு அறையும் பாத்ரூமும் எடுத்தோம். நாத்தனார் வீட்டுக்காரர் சொன்ன ஆள். தெரிந்தவர் மூலம் வந்தவர் என்பதால் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை, கேட்கவே கூச்சமாக இருந்தது. அவர் காட்டிய "முடித்த வீடு" அப்போதுதான் பெயின்ட் அடித்து கிரகப்பிரவேசத்துக்கு வாழைமரம் கட்டியிருந்தது. பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது, எந்த வீடுதான் அன்றைக்கு அப்படி இருக்காது.

எங்களிடம் ரூஃப் போட்டதுமே 80 சதவீதம் வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு நாள் வருவார், பத்து நாள் வரமாட்டார். பூச்சு முடிவதற்குள் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். நாத்தனாரிடம் கேட்டால் அவர் வீட்டுக்காரருக்கும் அந்த ஆளுக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம். மிச்ச வேலையை முடிக்க வேறு ஆள் பிடித்தோம், அடுத்தவர் விட்டுப்போன வேலை என்றால் யாரும் ரேட்டைக் கூட்டித்தான் சொல்கிறார்கள், அதற்கு உத்தரவாதமும் தருவதில்லை. பாத்ரூம் தண்ணீர் கீழ் அறைச் சுவரில் இன்றைக்கும் கசிகிறது.

அதனால் என் அனுபவத்தில், அவர் முடித்து மூன்று வருடமாவது ஆன வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே போய் டிசைனைப் பார்க்காமல் பாத்ரூமுக்கு வெளிப்பக்கச் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள், சீலிங் மூலையைப் பாருங்கள், உப்புப் பூத்திருக்கிறதா, பெயின்ட் உரிகிறதா என்று. வீட்டுக்காரர்களிடம் "வேலை எப்படி?" என்று கேட்டால் எல்லாரும் பரவாயில்லை என்றுதான் சொல்வார்கள். "கடைசிக் கணக்கை எப்படி முடித்தீர்கள்? முடிந்த பிறகு ஒரு குறை என்று கூப்பிட்டபோது வந்தாரா?" என்று கேளுங்கள். அதற்கு அவர்கள் ஒரு நொடி யோசித்தாலே உங்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். முடிந்தால் காண்ட்ராக்டர் கூட இல்லாத நேரத்தில் போங்கள்.

பணம் வேலைக்குப் பின்னால்தான் போக வேண்டும், முன்னால் போகவே கூடாது. மூன்று லட்சம் அட்வான்ஸ் என்பது ஆறு லட்சம் வேலைக்குப் பாதி, யோசிக்கவே வேண்டாம். முதல் வாரச் சாமானுக்கும் கூலிக்கும் எவ்வளவோ அவ்வளவுதான் அட்வான்ஸ். கடைசியில் ஒரு பத்து சதவீதம், ஒரு மழை பார்த்த பிறகு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் வாட்டர்ப்ரூஃபிங் முடித்து, ஓட்டையை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு "அதெல்லாம் தேவையில்லைம்மா" என்று எங்களிடம் சொன்னபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

டைல்ஸ் கடைக்கு மேஸ்திரியோடு போகாதீர்கள், நீங்கள் மட்டும் போய் விலை கேட்டுவிட்டு வாருங்கள். கூட வருபவருக்குக் கடையில் கமிஷன் உண்டு. பெயின்ட் டப்பாவுக்குள் பெயின்டருக்கு டோக்கன் இருக்கும், அது ஊரறிந்த விஷயம், அதற்காக அவர்களைத் திருடர் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் இருபது லிட்டர் வேண்டிய இடத்தில் முப்பது வாங்கச் சொல்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பொடிமட்டம்:

எல்லாரும் காண்ட்ராக்டரையே அடிக்கிறீர்கள், நானும் ஒரு சின்னக் காண்ட்ராக்டர்தான், புதுக்கோட்டைப் பக்கம். அப்பா கொத்தனார். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

மூன்று கொட்டேஷன் வாங்கி, அதில் குறைந்ததைக் காட்டி நடுவில் இருப்பவரிடம் "அவர் இவ்வளவுக்குச் செய்கிறாரே" என்று கடைசி ரூபாய் வரை அடித்துப் பேசுகிறீர்கள் இல்லையா, அந்தக் குறைத்த பணம் எங்கிருந்து வரும் என்று நினைக்கிறீர்கள்? சிமென்ட் மூட்டை எண்ணிக்கையில் வரும். தண்ணீர் ஊற்ற ஆள் வைக்காமல் விடுவதில் வரும். 12 எம்எம் கம்பி போட வேண்டிய இடத்தில் 10 எம்எம் போவதில் வரும். எம்-சாண்ட் லோடில் வரும். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி, லாரி வந்ததும் மேலே மட்டம் தட்டச் சொல்லி நீளம் அகலம் உயரம் அளந்து பெருக்கிப் பார்த்தால் யூனிட் எவ்வளவு என்று தெரிந்துவிடும், அளப்பவர்கள்தான் குறைவு. 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 888 கிராம் வர வேண்டும், 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10.65 கிலோ சுமார், எடை மேடையில் போட்டால் குட்டு வெளிப்படும். உங்கள் வேலையில் கம்பி அதிகம் வராது, புது பாத்ரூமுக்கு மட்டும்தான், ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

ஆளை எடைபோட நான் என்றால் இரண்டு விஷயம் பார்ப்பேன். ஒன்று, அவரிடம் இருக்கும் ஆட்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள். டீ குடிக்கும் நேரத்தில் சித்தாளிடம் சாதாரணமாகப் பேச்சுக் கொடுங்கள். சனிக்கிழமை கூலி சனிக்கிழமையே கைக்கு வருகிறதா என்று கேளுங்கள். தன் ஆளுக்கே வாரக்கூலி இழுத்தடிக்கிறவன் உங்கள் வேலையையும் இழுத்தடிப்பான், அடுத்த வீட்டு அட்வான்ஸை வாங்கி இந்த வீட்டுக் கூலியைக் கொடுக்கிறவனாக இருப்பான். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் ஆட்களைப் பதிந்து வைத்திருக்கிறாரா என்பதையும் கேட்கலாம், மாடியில் வேலை, ஒருவர் தவறி விழுந்தால் முதலில் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் கூட்டம் வரும்.

இரண்டு, எப்போது ஆரம்பிக்க முடியும் என்கிறார். நல்ல மேஸ்திரிக்குத் தை, மாசி, பங்குனியில் மூச்சுவிட நேரம் இருக்காது. இந்தப் புதன்கிழமையே வருகிறேன் என்றால் ஏன் கையில் வேலை இல்லை என்று கேளுங்கள். ஒன்று அட்வான்ஸ் அவசரம், இல்லை ஆரம்பித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். ஆரம்பித்த வேலையை நீங்கள் வேறு யாரிடமும் கொடுக்க முடியாது என்பது எங்களுக்குத் தெரியும்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பூச்சு முடிந்த பிறகு "இந்த சுவிட்ச் அந்தப் பக்கம் வந்தால் நன்றாக இருக்குமே" என்று ஆரம்பிக்காதீர்கள். மாற்றினால் அது எக்ஸ்ட்ரா, அன்றைக்கே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பாதிச் சண்டை இந்த எக்ஸ்ட்ராவில்தான் வருகிறது.

வெயில் காலத்தில் செய்கிறீர்கள் என்றால் தண்ணீர் ஊற்ற யார் பொறுப்பு என்று முதலிலேயே பேசுங்கள். இப்போது வருவது பெரும்பாலும் பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமென்ட், பத்து நாளாவது ஈரம் காயக் கூடாது. அம்மாவிடம் ஹோஸைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள், எங்கள் ஆட்களே அதைச் செய்வார்கள், எனக்குத் தெரியும்.

சும்மா_படிக்கிறேன்:

ஃபால்ஸ் சீலிங் போட்டுக் கம்பியை மறைப்பது... பல்வலிக்கு மாஸ்க் போட்டுக்கொள்வது மாதிரி இருக்கிறது அண்ணா. மாமாவிடம் சொல்லிவிடுங்கள்.

மாதமொருமுறை_தஞ்சை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மரச்சுத்தி ஐயா, சுவர்க் கேள்வியை இந்த மாதம் போகும்போது கேட்கிறேன், மனைவியிடம் இப்போதே சொல்லிவிட்டேன், முகம் கொஞ்சம் வாடிப்போய்விட்டது.

இரண்டு சந்தேகம். எழுதி வாங்குவது என்றால் எப்படி, மேஸ்திரியிடம் போய் அக்ரிமென்ட் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டாரா? அப்புறம், மாமா ஆளை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அம்மாவின் அண்ணன், அப்பா போன பிறகு எல்லாவற்றுக்கும் அவர்தான் நின்றார்.

கச்சேரி_வாசல்:

வக்கீல் ஆபீஸில் பல வருடமாக இருக்கிறேன், இந்த மாதிரிக் கேஸ் நிறைய வரும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது, பணம் முழுக்கக் கையில் கொடுத்திருப்பார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் இது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்கள்.

பெரிய அக்ரிமென்ட் தேவையில்லை. முத்திரைத்தாளில் இரண்டு பக்கம் போதும், தமிழிலேயே எழுதுங்கள். யார் யாருக்கு, எந்த முகவரியில் வேலை, ஆதார் நகல், என்னென்ன வேலை, ஒவ்வொன்றுக்கும் ரேட், எந்த பிராண்டு சிமென்ட், எந்த டைல்ஸ், எது எக்ஸ்ட்ரா, எப்போது முடியும், பணம் எந்தக் கட்டத்தில் எவ்வளவு, முடிந்த பிறகு கசிந்தால் எத்தனை மாதம் வரை வந்து சரிசெய்வார். கடைசி விஷயத்தை எழுதச் சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள், அது போதும். கோபித்துக்கொள்வார் என்று பயந்தால் அக்ரிமென்ட் என்ற வார்த்தையே வேண்டாம், "அம்மாவுக்கு மறதி, எனக்குத் தூரம், ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம் அண்ணே" என்று சொல்லுங்கள். பணம் பேங்க் வழியாக மட்டும். ஜிஎஸ்டி பில் வேண்டாம் என்றால் இவ்வளவு குறைக்கிறேன் என்பார்கள், அதற்கு ஒத்துக்கொண்டால் நாளைக்கு உங்களிடமும் பேப்பர் இருக்காது.

ஏதாவது ஆனால் நுகர்வோர் ஆணையம்தான் வழி. 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டும் வேலையும் சேவைக் கணக்கில் வருகிறது. மாவட்ட ஆணையத்தில் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் 1915க்கு போன் செய்து புகார் பதியலாம். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) என்று யாராவது சொன்னால் அது உங்களுக்கு வராது, அது ஃப்ளாட், மனை விற்கிறவர்களுக்கு. உங்கள் சொந்த வீட்டு ரிப்பேர் காண்ட்ராக்டரை அங்கே இழுக்க முடியாது.

பாத்ரூமால் வீட்டின் பரப்பு கூடுகிறது என்பதால் மாநகராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள், பக்கத்து வீட்டு எல்லைக்கு எவ்வளவு விட்டிருக்கிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள். இதில் அவசரப்பட்டால் பக்கத்து வீட்டுக்காரர்தான் முதல் புகார் கொடுப்பார்.

மாமா விஷயத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

வடவள்ளிக்காரி:

மாமாவிடம் நீங்கள் பேசாதீர்கள், அம்மாவைப் பேச விடுங்கள். அண்ணன் தங்கைக்குள் அது இரண்டு நிமிடப் பேச்சு, நீங்கள் பேசினால் இரண்டு வருட மனஸ்தாபம்.

அம்மா வேலை நடக்கும்போது எங்கே இருப்பார்? இதை யாரும் கேட்கவில்லை. சீலிங் கொத்தும்போது வரும் தூசி 71 வயதுக்கு ஆகாது. பழைய பாத்ரூமைப் புதியது முடியும் வரை இடிக்கவே விடாதீர்கள். புதியதில் கதவு மூன்றடி அகலம், வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி, உள்ளே விழுந்தால் கதவைத் தள்ளித் திறக்க முடியாமல் போய்விடும். வாசற்படி மேடு வேண்டாம், கைப்பிடிக் கம்பி மாட்டும் இடத்தைச் சுவர் கட்டும்போதே சொல்லிவிடுங்கள், பிறகு டைல்ஸில் ஓட்டை போட்டால் பிடிப்பு இருக்காது.

மாதமொருமுறை_தஞ்சை (மூன்று வாரம் கழித்து):

போய்விட்டு வந்தேன், என்ன நடந்தது என்று எழுதிவிடுகிறேன்.

சுவர்க் கேள்வி. முதல் ஆள், "தாராளமா எடுத்துடலாம் சார், ஒரு நாள் வேலை." அவ்வளவுதான். இன்ஜினியர் டேப்பை எடுத்தார், 9 அங்குலம் என்றார், மாடிக்குப் போய்விட்டு வந்து, எடுக்க வேண்டுமென்றால் பீம் போட வேண்டும், அதற்கு ஆகும் செலவுக்கு இது தகாது என்றார். மேஸ்திரி சுவரை உள்ளங்கையால் இரண்டு தடவை தட்டினார், "இதைத் தொட வேண்டாம் தம்பி, எங்க அப்பா இது மேலதான் தளத்தை உட்கார வச்சிருக்கார்" என்றார். பிறகு அடுப்படிக்குள் போய்க் கிழக்குப் பக்க ஜன்னலைக் காட்டி, இதைப் பெரிதாக்கினால் காலை வெயில் ஹால் வரை வரும் என்றார். மனைவிக்கு வீடியோ காலில் காட்டினேன், சரி என்றுவிட்டாள்.

கரந்தையில் மேஸ்திரி நான்கு வருடத்துக்கு முன் தட்டோடு போட்ட வீட்டுக்கு நானே தனியாகப் போனேன். சீலிங்கில் ஒரு பொட்டு ஈரமில்லை. கடைசிக் கணக்கு எப்படி என்று கேட்டேன். வீட்டுக்கார அம்மா சிரித்தார், கணக்கில் சண்டை வரவில்லை, ஆனால் ஊர்த் திருவிழா, நடவு என்று ஆட்கள் போய்விட்டு இரண்டு மாதம் இழுத்தது என்றார். கூப்பிட்டால் வருவாராம், சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போவாராம்.

அதற்காக மேஸ்திரிக்கு எல்லாம் தெரியும் என்றும் இல்லை. சீலிங்குக்கு அவர் சொன்னது வெறும் சிமென்ட் பூச்சுதான், மரச்சுத்தி ஐயா சொன்னதைச் சொன்னபோது "அதெல்லாம் புதுசா வந்தது" என்றார். ஆகவே இப்படி முடிவு செய்திருக்கிறேன்: இன்ஜினியரிடம் காண்ட்ராக்ட் கொடுக்காமல், சீலிங்கைப் பார்த்து என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தரவும், வேலை நடக்கும்போது ஐந்து தடவை வந்து பார்க்கவும் ஒரு ஃபீஸ் பேசியிருக்கிறேன். முதலில் கொஞ்சம் முறைத்தார், பிறகு ஒத்துக்கொண்டார். சீலிங் ரிப்பேரை அவர் சொல்லும் ஆட்கள், மாடி, பாத்ரூம், ஜன்னல் மூன்றும் மேஸ்திரி, வேலைவாரி ரேட்டில். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு நம்பிக்கை. தாளில் எழுதியதற்கு மேஸ்திரி கோபிக்கவில்லை. ஒரே ஒரு இடத்தில் நிறுத்தி, "ஒரு மழை பார்த்துட்டுக் கடைசிப் பணம்னு போட்டிருக்கீங்க, ரெண்டு மழைன்னு போடுங்க, எனக்கும் தெரியணும்ல" என்றார்.

மாமாவிடம் அம்மா பேசிவிட்டார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை, மறுநாள் மாமா வந்து மாடியில் ஏறி நின்று தட்டோட்டையெல்லாம் பார்த்துவிட்டு, வேலை நடக்கும் நாளில் தினமும் காலையில் தான் வந்து உட்கார்ந்துகொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சித்திரை பிறந்ததும் மாடி வேலை ஆரம்பம். அதற்குள் இன்ஜினியரின் ஆள் வந்து சீலிங்கைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஹாலில் ஒன்பது, அம்மா அறையில் ஐந்து, மொத்தம் 14 சாக்பீஸ் வட்டம். ஒன்று சரியாக அம்மாவின் கட்டிலுக்கு மேலே. கட்டிலை அன்றைக்கே இழுத்து ஜன்னல் ஓரம் போட்டாயிற்று.